ராசாமணியின் கைநடை

"தாங்கள் தற்போது பணியில் இருக்கிறீர்கள்" என்று தொழிலாளர் நல வாரியத்தின் கம்ப்யூட்டர் குரல் போனில் சொன்னபோது, ராசாமணி என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். வேலையிழந்தோர் உதவிக்கு விண்ணப்பம் போட்டு, முதலில் கொஞ்சம் பணம் வந்து, பிறகு நின்றுபோய், கணக்கும் பூட்டிக்கொண்ட கேஸ். பூட்டைத் திறக்கச் சொல்லி முறையிட்டதற்கு இப்படி ஒரு பதில்.

"பணியிலன்னா என்னங்ண்ணா?" என்று கேட்டாள்.

"வேலையில இருக்கறீங்களாமா."

"ஆரு?"

"நீங்கதான் அம்மிணி."

மடியில் இருந்த கறிவேப்பிலையைப் பார்த்தாள். "இதைச் சொல்லுதுங்களா?"

என் கடைக்கு 'சென்னியப்பன் சேவை மையம்' என்று போர்டு இருக்கிறது. திருப்பூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'அழுவாச்சிக் கடை' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இருட்டு ஹால்களாக மாறிய பிறகு திறந்த கடை இது. இருட்டு ஹால் என்றால் இயந்திரக் கைகள் மட்டும் தைக்கிற ஹால். அவற்றுக்குக் கண் வேண்டியதில்லை என்பதால் லைட் போடுவதில்லை. வெளியே வந்தவர்களுக்கு உதவித்தொகை வாங்கிக்கொடுப்பது என் தொழில். அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தால் இரண்டு பூட்டைச் சேர்த்துத்தான் திறக்கும். அந்தப் பூட்டுகளால்தான் என் வயிறு கழுவப்படுகிறது, அதனால் நான் ரொம்பவும் திட்டக்கூடாது.

இந்தப் பூட்டுக்கு கைநடை என்று பெயர். முகத்தையும் குரலையும் எவன் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறான், தையல்காரர்களுக்கு விரல்ரேகை தேய்ந்துபோய்விடுகிறது. அதனால் வாரியம் கையின் அசைவைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் நடக்கிற நடையை வைத்தே தூரத்தில் வருவது யாரென்று சொல்கிறோமே, அதுபோலக் கைக்கும் ஒரு நடை உண்டாம். கேமரா முன்னால் ஒரு துண்டை மடித்து, ஒரு நூலை முடிச்சுப் போட்டால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடும். திருடவே முடியாத அடையாளம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். நானும் நம்பினேன்.

"கோரிக்கையாளர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்" என்று குரலிடம் சொன்னேன். "வேலையில் இருப்பது எப்படி?"

"தங்கள் எதிரில் இருக்கும் கைநடை ராசாமணி அவர்களுடையது" என்றது குரல். பாடம் ஒப்பிக்கிற பெண்பிள்ளைபோல மரியாதையான குரல் அது. "பணியில் இருக்கும் கைநடையும் ராசாமணி அவர்களுடையது. இரண்டும் ஒன்றே. பணியில் இருந்துகொண்டே உதவி கோருவதாகத் தெரிவதால் கணக்கு பூட்டப்பட்டுள்ளது. விளக்கம் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பொய்க் கோரிக்கை என்று முத்திரையிடப்படும்."

அந்த முத்திரை என்னவென்று எனக்குத் தெரியும். வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் உதவியும் ஏறாது, வேறு எந்த வேலையும் ஏறாது, ஏனென்றால் இப்போது வேலைக்கு ஆள் எடுப்பதும் இதே கணக்கு வழியாகத்தான். லைன் வீட்டு ஓனர் வேறு, வாடகைக்கு மாதக் கடைசிதான் கெடு என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவளை உறுத்தியது இதெல்லாம் இல்லை.

"காசு வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்" என்றாள் ராசாமணி. "நான் பொய் சொல்லலைன்னு அந்தம்மா ஒருக்கா வாயால சொல்லோணுங்ண்ணா. வூட்டுக்காரரு போனதுக்கப்புறம் ஒத்தைக்கட்டையா இருக்கறவ நானு. எம் பேச்சை நம்பித்தான் கடைக்காரரு அரிசி குடுக்கறாரு."

எனக்கும் சுருக்கென்றது. "சரி, எங்கே வேலை செய்கிறார்?" என்று குரலிடம் கேட்டேன்.

அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பேரைச் சொன்னது. மூன்றாம் ஹால் என்றது. நான் விட்டிருக்கலாம். சும்மா இருக்காமல், "வேறு எங்காவது வேலை செய்கிறாரா?" என்று கேட்டேன்.

குரல் சொல்ல ஆரம்பித்தது. ஈரோடு என்றது. கரூர் என்றது. லூதியானா, டாக்கா, கொழும்பு. அதற்கப்புறம் வந்த ஊர்ப் பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. வியட்நாமில் ஏதோ ஊர், எத்தியோப்பியாவில் ஏதோ ஊர், துருக்கியில் ஏதோ ஊர். எல்லா இடத்திலும் இந்த நிமிடம் ராசாமணி தைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். கடைவாசலில் பஸ் போகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"கோயமுத்தூருக்கு அக்கட்ட நான் போனதே இல்லீங்ண்ணா" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். அங்கே ரஃபீக் இருப்பது எனக்குத் தெரியும். முன்பு தையல் லைனில் மெஷின் ரிப்பேர் பார்த்தவன். எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஹாலுக்கு ஒரு மனுசன் வேண்டுமே என்று அவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ராசாமணியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. என்னக்கா இளைச்சுட்டீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. தலையைச் சொறிந்துகொண்டான்.

"இப்படி ஆகும்னு நான் நினைக்கலைண்ணே" என்றான். "இந்த ஹாலுக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னாடி ஒரு கம்பெனியில ஆள் இல்லாத மெஷின் ஓடி ஒரு பொண்ணுக்கு விரல் போச்சில்ல, அதுக்கப்புறம் வந்தது. வாரியத்துல வருகை பதிவாகாத கைக்கு கரண்ட் கிடையாது. கை வந்தா மெஷின் ஓடும், கை லீவுன்னா மெஷின் நிக்கும். எல்லா ஊருக்கும் அந்தப் பூட்டோடதான் மெஷினை விக்கறாங்க, எந்த ஊர்ல ஓடினாலும் இந்த வாரியத்துலதான் பதிவாகும். புதுசா இந்த இயந்திரக் கைகளைப் பொருத்தினப்ப, பூட்டை எப்படிக் கழட்டறதுன்னு எஞ்சினியருங்க மண்டையப் பிச்சுக்கிட்டு நின்னாங்க. சோதனைக்கு ஒரு கையை அசைச்சுப் பார்த்தாங்க. பூட்டு தானா திறந்துகிச்சு. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டாங்க."

"ஏன் திறந்தது?"

"அது அக்கா கைன்னு நினைச்சுகிச்சு."

ராசாமணி நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். "எங் கையா? இருநூறு பேரு தைச்சோமேப்பா. என்னையவிட கெட்டிக்காரிக எத்தன பேரு. செல்வநாயகியக்கா தைச்சா அளவெடுத்த மாதிரி இருக்கும். எங் கையை எதுக்கு எடுத்தாங்க?"

ரஃபீக் சிரிக்கவா வேண்டாமா என்பதுபோல என்னைப் பார்த்தான். "ஒவ்வொரு சீட்டுக்கு மேலயும் ஒரு கேமரா மாட்டினாங்களேக்கா, ஞாபகம் இருக்கா? தைக்கறதைப் படம் பிடிச்சு இதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். மாட்டின மறுவாரம் ஆயுத பூஜை வந்துச்சு. நம்மாளுங்க என்ன பண்ணாங்க? மெஷினுக்கு சந்தனம் குங்குமம், கத்திரிக்கு சந்தனம் குங்குமம், ஸ்விட்ச் போர்டுக்குப் பொட்டு. கேமராவை மட்டும் விட்டுட்டா சாமி குத்தம் ஆயிடாதா? அவங்கவங்க சீட்டுல அதுக்கும் வச்சாங்க. நடுக்கண்ணாடியில."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திருப்பூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது.

"சந்தனம் காய்ஞ்சு ஒட்டிகிச்சு. யாரும் ஏறிப் பார்க்கலை. அந்த சீசன் பூரா எடுத்த படத்துல மத்த சீட்டு எல்லாத்துலயும் மஞ்சளா ஒரு திட்டுதான் தெரிஞ்சுச்சாம். ஒரே ஒரு சீட்டு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. அது உங்களுதுக்கா."

"நான் பொட்டு வெக்கலை" என்றாள் ராசாமணி.

"ஆமாக்கா."

"வெக்கக்கூடாதுன்னுட்டாங்க."

அந்த வருசம், அந்த மாதம்தான் அவளுடைய புருசன் இறந்துபோனார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த மனிதர், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பெனியில் அவசர ஆர்டர். காரியம் முடிந்த கையோடு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். தீட்டுக்காரி என்று பூஜையில் சேர்க்காமல் கேட் பக்கம் உட்கார வைத்தார்கள். பொரிகூட அங்கே கொண்டுவந்துதான் கொடுத்தார்களாம். தைப்பதற்குத் தீட்டில்லை, பொட்டு வைப்பதற்குத் தீட்டு. கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்க்கறீங்களாக்கா?" என்றான் ரஃபீக். கதவைத் தள்ளி லைட்டைப் போட்டான்.

நான் இதுவரை இருட்டு ஹாலுக்குள் போனதில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. பிறகு வெளிச்சம் வரிசை வரிசையாகப் பரவ, கைகளைப் பார்த்தேன். தோள் இல்லை, தலை இல்லை. மேஜைக்கு ஒரு ஜோடியாக, முழங்கையிலிருந்து விரல்வரை சாம்பல் நிறக் கைகள். கண்ணுக்கு எட்டின தூரம்வரை வெள்ளைத் துணியைத் தள்ளித் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தன. ஒன்று ஆரம்பிக்கிறது, ஒன்று முடிக்கிறது, ஒன்று நூலை வெட்டுகிறது. எதுவும் எதற்கும் காத்திருக்கவில்லை. மனுசன் செய்த பொருள் முன்னால் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

ராசாமணி முதல் மேஜைக்குப் பக்கத்தில் போனாள். அந்தக் கை துணியை எடுத்தது, ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டி நேராக்கியது. அவளுடைய பெருவிரலும் தானாக அசைந்ததை நான் பார்த்தேன்.

"நாந்தான்" என்றாள். "ஐயோ, நாந்தானுங்ண்ணா."

அந்தக் குரலில் பயம் இல்லை. கண்ணாடியே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் முதல்தடவையாகத் தன் முகத்தைப் பார்த்ததுபோல ஒரு வியப்புதான் இருந்தது. வரிசைக்குள் நடந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் நின்று பார்த்தாள். "பாருங்க, நூலை இப்படித்தான் சுத்துவேன்" என்றாள். "இங்க கொஞ்சம் இழுத்துப் புடிப்பேன், பாருங்க." அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை அதைச் செய்தது. எத்தியோப்பியாவிலும் வியட்நாமிலும் இந்நேரம் இதே பெருவிரல் இதே தட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. உலகத்தில் பாதிப்பேர் மேல் கிடக்கிற சட்டை இந்தப் பொம்பளை தைத்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நடுவரிசையில் ஒரு வலக்கை தைப்பதை நிறுத்திவிட்டு மேலே எழும்பியது. முகம் இருந்திருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குப் போய், வெறும் காற்றில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நகர்ந்தது. இறங்கி வந்து, உள்ளங்கையைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் துணியை நீவியது. பிறகு தைத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரிசையில் இன்னொரு கை அதையே செய்தது.

"இது என்ன?" என்றேன்.

"சோம்பல் முறிக்கறதுன்னு நாங்க பேர் வச்சிருக்கோம்ணே" என்றான் ரஃபீக். "எதுக்குன்னே தெரியலை. நேரம் வீணாகுதுன்னு எஞ்சினியருங்க அதை எடுத்துப் பார்த்தாங்க. எடுத்தா தையல் கோணுது. அந்த அசைவு மத்த எல்லாத்தோடயும் பின்னிக் கிடக்குதாம். சரி, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டாங்க. எல்லா ஊர்லயும் இதைப் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு."

ராசாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் தொடைக்குதுங்க" என்றாள்.

ரஃபீக் அந்தக் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வெள்ளைத் துணி பாருங்க. கண்ணீரு பட்ட கையை வெச்சா கறையாயிரும், சூப்பர்வைசரு திட்டுவாரு. அதுக்காவ புறங்கையில நீவுவேன். அந்த மாசத்துக்கப்புறம் நான் அப்படித் தைச்சதே இல்லை. மறந்தே போயிட்டேன்."

ரஃபீக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை வருசம் அவன் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. விளக்கம் கிடைத்துவிட்டது, இனி முறையீடு சுலபம். போனை எடுத்து வாரியத்தின் குரலைக் கூப்பிட்டு, ஹாலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அது பொறுமையாகக் கேட்டது.

"நன்றி" என்றது. "கோரிக்கையாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இங்கே பணியில் இருக்கும் கைநடை தங்களுடையதா? இல்லை என்றால் அது கம்பெனிக்கு உரியதாகப் பதிவாகும். தங்கள் கணக்கு இன்றே திறக்கப்பட்டு, நிலுவை உதவித்தொகை வழங்கப்படும். ஆம் என்றால் தாங்கள் பணியில் இருப்பதாகக் கொள்ளப்படும். உதவித்தொகைக்குத் தகுதி இராது."

"இல்லைன்னு சொல்லிப்போடுங்க அம்மிணி" என்றேன். "அவ்வளவுதான், முடிஞ்சுது."

அவள் அந்தக் கையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இல்லைன்னு சொன்னா அந்த அழுகை ஆரோடதாவும்?"

"கம்பெனியோடதாயிடும்க்கா" என்றான் ரஃபீக்.

"அவுங்க ஆருக்காவ அழுதாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "ஆமாங்க. எங் கைதான். நான் வேலையிலதான் இருக்கறேன்."

இத்தனை நாள் அலைந்ததெல்லாம் ஒரே வார்த்தையில் போயிற்று.

"பதிவாகிவிட்டது" என்றது குரல். "உதவிக் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. பணியில் இருப்பதை அறியாமல் கோரி, அறிந்ததும் ஒப்புக்கொண்டதால் பொய்க் கோரிக்கை என்ற ஐயம் நீக்கப்படுகிறது. தாங்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் கணக்கு திறக்கப்பட்டது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

"வேணுங்க" என்றாள் ராசாமணி. "வேலையில இருக்கறவங்களுக்கு லீவு உண்டுங்களா?"

"உண்டு. காரணம்?"

"வூட்டுக்காரரு செத்துப்போயிட்டாருங்க."

"எப்போது?"

அவள் தேதியைச் சொன்னாள். "ரொம்ப வருசமாச்சுங்க. எனக்கு ஆறிப்போச்சு. ஆனா இந்தக் கைகளுக்கு இன்னிக்கும் அதே மாசந்தானுங்க. பாவம், நிறுத்தாம அழுதுட்டே தைக்குது."

குரல் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். அது எதைப் புரட்டியது, எதை யோசித்தது என்று எனக்குத் தெரியாது. யோசிக்குமா என்றே தெரியாது.

"தங்கள் கணவரின் இறப்பு பதிவில் உள்ளது" என்றது பிறகு. "அதற்கான துக்க விடுப்பு வழங்கப்படவே இல்லை. எடுக்கப்படாத துக்க விடுப்பு காலாவதியாவதில்லை. விடுப்பு அனுமதிக்கப்படுகிறது, தாங்கள் பணியில் இருக்கும் எல்லா இடங்களுக்கும். விடுப்புக் காலச் சம்பளம் அந்தந்தக் கம்பெனியின் பொறுப்பு."

கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தது. மழை விடுகிற மாதிரி சத்தம் ஒதுங்கி ஒதுங்கி வந்தது. மேஜை மேஜையாகக் கைகள் நின்றன. துணியைப் பிடித்தபடி சில, நூலை வெட்டப் போன நிலையில் சில. எங்கள் பக்கத்தில் இருந்த கடைசி ஊசியும் நின்றபோது, அந்த ஹாலில் அப்படி ஒரு அமைதி வந்தது. எந்தெந்த ஊரிலோ, பகலாக இருக்கிற நாட்டிலும் ராத்திரியாக இருக்கிற நாட்டிலும், இதே நொடியில் இதேபோல் எல்லாம் நின்றிருக்கும்.

"ராசாமணி அவர்களே" என்றது குரல். "தங்கள் இழப்புக்கு வாரியம் வருந்துகிறது."

யாரோ எழுதிக்கொடுத்த வாக்கியம்தான், தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அவளிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அதுதான். ராசாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

ரஃபீக்கின் போன் அடிக்க ஆரம்பித்தது. யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ. எடுத்துப் பார்த்தவன், அதை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஹால் முழுக்க அங்கங்கே சில கைகள் மேலேயே நின்றுவிட்டிருந்தன, இல்லாத முகத்துக்குப் பக்கத்தில். கரண்ட் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளுமாம், மணிக்கட்டுக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் இறங்கும் என்றான் ரஃபீக். ராசாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கைக்குப் போனாள். பொத்தானை அமுக்கி, அந்த மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"போதும் சாமி" என்று அதனிடம் சொன்னாள். "கொஞ்சம் சும்மா இரு."

பிறகு அடுத்ததற்குப் போனாள். ஹால் பெரியது, அவள் ஒருத்தியால் ஆகாது. நானும் ரஃபீக்கும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எதிர் வரிசையிலிருந்து இறக்க ஆரம்பித்தோம்.